டெக்ஸ்சர்: ஓவியத்தில், சாப்பாட்டில், பாட்டில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவிய வகுப்பில் 'டெக்ஸ்சர்' என்று பலகையில் எழுதினால் போதும், கைகள் உயர்ந்துவிடும். பிள்ளைகள் ஒரு மாதிரி கேட்பார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வேறு மாதிரி. சமையல் போட்டி நடுவர்களும் பாட்டுப் போட்டி நடுவர்களும் தொலைக்காட்சியில் இதே சொல்லைப் புழங்குவதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

டெக்ஸ்சர்னா என்ன சார்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரு பொருளின் கூறுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை நம் விரலோ, கண்ணோ, வாயோ, காதோ உணர்கிற விதம்.

ஒரு வரி போதாது என்றால் இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாத்திரத்து மாவுதான். ஆவியில் வைத்தால் உளுந்தின் நுரைப்பிலும் புளிப்பிலும் உண்டான காற்றுக்குமிழிகள் ஈரத்தோடு அப்படியே நிற்கின்றன. மெத்தென்று இட்லி வருகிறது. அதையே கல்லில் மெல்லியதாக இழுத்தால் நீர் ஆவியாகிப் போகிறது, அடிப்பக்கம் சிவந்து விறைக்கிறது, மொறுமொறுவென்று தோசை. அரிசியும் உளுந்தும் உப்பும் மாறவில்லை. மாறியது டெக்ஸ்சர். கீழே பல இடங்களில் இந்த மாவுக்குத் திரும்புவேன்.

ஓவியம் கண்ணால பாக்குறதுதானே? தொடவே மாட்டோமே, அதுல எப்படி டெக்ஸ்சர்?

ஓவியத்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, மேற்பரப்பு உண்மையிலேயே மேடும் பள்ளமுமாக இருப்பது. வான்கோ 1880களின் கடைசியில் வரைந்த படங்களில் வண்ணம் வரப்பு வரப்பாக எழும்பி நிற்கும். சில நேரம் டியூபிலிருந்து நேராகவே துணியில் பிதுக்கியிருக்கிறார். நம் ஊரில் தஞ்சாவூர் ஓவியம் இந்த வகை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவையால் நகையையும் திருவாசியையும் மேடாக்கி, கல் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கிரீடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, மேற்பரப்பு மழமழவென்று இருந்தும் கண்ணை ஏமாற்றுவது. யான் வான் எய்க் 1434-இல் வரைந்த ஆர்னொல்ஃபினி தம்பதியர் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நாயின் ரோமம், பித்தளை சரவிளக்கு, அங்கியின் ஓரத்து மென்மயிர் என்று ஒவ்வொன்றும் கை வைக்கத் தூண்டும். பலகையோ கண்ணாடி மாதிரி வழவழப்பு. ரவி வர்மாவின் பட்டுச் சேலைகளும் இந்த வித்தைதான். பட்டு எங்கே பளிச்சிடும், மடிப்பில் எங்கே ஒளி சாகும் என்பதைச் சரியாக வைத்துவிட்டால் மீதியை நம் விரலின் ஞாபகமே நிரப்பிக்கொள்கிறது.

அப்போ டிசைனும் டெக்ஸ்சரும் ஒண்ணுதானே? புள்ளி புள்ளியா போட்டா டெக்ஸ்சர்னு மிஸ் சொன்னாங்க.

இல்லை. டிசைன் என்பது உருவம் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்பது. பதினைந்து புள்ளி, எட்டு வரை ஊடுபுள்ளிக் கோலத்தை அரிசிமாவைக் கரைத்து ஈரக்கோலமாகப் போடுங்கள். பக்கத்திலேயே அதே கோலத்தைக் கல்மாவால் தூவிப் போடுங்கள். டிசைன் ஒன்றுதான். ஈரக்கோலம் காய்ந்ததும் தரையோடு தரையாகப் படிந்திருக்கும், கோடு வழுக்கிக்கொண்டு ஓடும். கல்மாவுக் கோலம் சொரசொரப்பாகத் தூக்கி நிற்கும், ஓரம் லேசாகச் சிதறியிருக்கும்.

உங்கள் மிஸ் சொன்னதிலும் நியாயம் உண்டு. புள்ளிகளை மிக நெருக்கமாக, எண்ண முடியாத அளவுக்குப் போட்டால் கண் அவற்றைப் புள்ளிகளாகப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு பரப்பாகப் பார்க்கத் தொடங்கும். அந்த இடத்தில் டிசைன் டெக்ஸ்சராகிவிடுகிறது. எல்லைக்கோடு எங்கே என்றால், எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வழவழன்னு இருந்தா டெக்ஸ்சர் இல்லைன்னுதானே அர்த்தம்?

வழவழப்பும் ஒரு டெக்ஸ்சர்தான். ரசத்துக்கும் உண்டு, தண்ணீருக்கும் உண்டு.

மியூசியத்துல தொடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்களே, அப்புறம் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தொட வேண்டாம், நகருங்கள். படத்துக்கு நேர் எதிரே நிற்கும்போது மேடும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் நடந்துபோய்ச் சாய்வாகப் பாருங்கள். விளக்கின் ஒளி வண்ணத்தின் முகடுகளில் மின்னும், பள்ளங்களில் நிழல் விழும். ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர்களும் விளக்கை ஓரமாகச் சாய்த்துவைத்துத்தான் விரிசலையும் தூரிகைத் தடத்தையும் படிக்கிறார்கள்.

கல்லில் இதைப் பார்க்க மாமல்லபுரத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அர்ஜுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. அதிகாலையில் வெயில் முகத்தில் நேராக அறையும், உருவங்கள் கொஞ்சம் சப்பையாகத்தான் தெரியும். வெயில் ஏற ஏற ஒளி மேலிருந்து வழிந்து இறங்கும்; அப்போது யானையின் தோலும் தவசியின் விலா எலும்பும் தனித்தனியாக எழும்பி வரும். பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் அதற்குள் கிளம்பிவிடுகின்றன. ரதங்கள் பக்கம் போனால் முடிக்காமல் விட்ட பகுதிகளைத் தேடுங்கள். உளியின் கொத்து அப்படியே இருக்கும். பக்கத்திலேயே அதே பாறை தேய்த்து மழுக்கப்பட்டிருக்கும். ஒரே கல், இரண்டு டெக்ஸ்சர். இட்லி, தோசைக் கதைதான்.

வாட்டர்கலருக்கு எந்தப் பேப்பர் வாங்கணும்? மூணு வகை சொல்றாங்க.

ஹாட் பிரஸ் மழமழப்பானது, நுணுக்கமான பூ, பூச்சி வரைய நல்லது. கோல்டு பிரஸ் நடுத்தரச் சொரசொரப்பு, பழகுபவர்களுக்கு இதுவே போதும். ரஃப் என்பதில் மேடு பள்ளம் அதிகம். ஈரம் குறைந்த தூரிகையை மேலாக இழுத்தால் மேட்டில் மட்டும் வண்ணம் ஒட்டி, பாறை, மரப்பட்டை, அலையின் மினுக்கு எல்லாம் தானாக வந்துவிடும். 300 ஜிஎஸ்எம் எடை இருந்தால் நனைந்தும் அதிகம் சுருளாது. விலை பார்த்து மிரளாமல் முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு தாள் மட்டும் வாங்குங்கள்.

கலரை நிறைய அப்பினா டெக்ஸ்சர் வந்துடும்தானே?

கனம் வரும். டெக்ஸ்சர் வருமா என்பது வேறு விஷயம். எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் அப்பினால் கண் சலித்துவிடும். ரெம்பிராண்ட் நிழல் பகுதிகளை மெல்லியதாகவே விட்டுவிட்டு, ஒளி படும் நகை, மூக்கு நுனி, கைச்சட்டை ஓரம் போன்ற இடங்களில் மட்டும் வெள்ளையைத் தடிமனாக எழுப்புவார். அந்தத் தடிமன் வழிந்து இறங்காமல் எப்படி நின்றது என்று நெதர்லாந்து, பிரெஞ்சு ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் வைத்து ஆராய்ந்து 2019-இல் ஒரு விடை வெளியிட்டார்கள். தடிமனான அடுக்குகளில் பிளம்போனாக்ரைட் என்ற அரிய ஈயச் சேர்மம் இருந்தது. எண்ணெயில் ஈய ஆக்சைடு சேர்த்து வேண்டுமென்றே கெட்டிப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மாவின் பதம் பார்க்கிற கை இருந்திருக்கிறது அவருக்கு.

செலவே இல்லாத வழி வேண்டுமென்றால், காசை அடியில் வைத்துத் தாளின் மேல் பென்சிலால் தேய்த்த சின்ன வயது விளையாட்டு போதும். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத் தரையின் மேல் தாள் வைத்துத் தேய்த்து, அந்த ரேகைகளிலிருந்து காடும் பறவையும் உருவாக்கினார். ஃப்ரொட்டாஜ் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் இப்போது அது பாடத்திட்டத்தில் வருகிறது.

சாப்பாட்டுல டெக்ஸ்சர் ருசியோட சேர்ந்ததுதானே? தனியா எதுக்குப் பேசணும்?

வாயில் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால் அப்படித் தோன்றுகிறது. இனிப்பு, புளிப்பு போன்றவற்றை நாக்கின் சுவை மொட்டுகள் பிடிக்கின்றன. வாசனை மூக்கின் வேலை. கெட்டி, குழைவு, வழவழ, நறநற இவையெல்லாம் தொடுகை. நாக்கு, அண்ணம், ஈறு, பல்லின் வேரைச் சுற்றியுள்ள நரம்புகள் எல்லாம் சேர்ந்து சொல்பவை.

இந்தத் தொடுகை எவ்வளவு கூர்மை என்பதற்கு சாக்லேட் நல்ல சாட்சி. தொழிற்சாலையில் சர்க்கரையையும் கோகோவையும் சுமார் 20 முதல் 30 மைக்ரான் வரை அரைக்கிறார்கள். ஒரு தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லை. அதைவிடப் பெரிய துகள் கலந்தால் நாக்கு 'மண் மாதிரி இருக்கு' என்று கண்டுபிடித்துவிடும். சுவையில் துளி வித்தியாசமும் இருக்காது. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில், அதாவது உடம்பின் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகுவதால்தான் கையில் கெட்டியாக இருப்பது வாயில் வழிந்தோடுகிறது.

முறுக்கு ரெண்டு நாள்ல நமுத்துப் போகுது, சப்பாத்தி ரெண்டு நாள்ல விறைச்சுப் போகுது. ரெண்டும் காத்து பட்டதாலதானே?

இல்லை. இரண்டும் எதிரெதிர் விஷயங்கள், இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். நன்றாகப் பொரிந்த முறுக்கில் ஈரம் மிகக் குறைவு. அதன் மாவுச்சத்து கண்ணாடி மாதிரி விறைத்த நிலையில் இருக்கிறது. கண்ணாடி போலவே வளையாமல் உடைகிறது. மழைக்காலக் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொண்டதும் உள்ளிருக்கும் மூலக்கூறுகள் அசையத் தொடங்குகின்றன. உடைவது போய் வளைய ஆரம்பிக்கும். அதுதான் நமுத்தல். லேசான சூட்டில் வாணலியில் புரட்டியோ ஓவனில் வைத்தோ ஈரத்தை விரட்டி, முழுக்க ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து மறுபடி அதே கதை.

சப்பாத்தியும் பழைய சோறும் விறைப்பது வேறு. வெந்தபோது குழைந்து விரிந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆறியபின் மெல்ல மெல்லத் திரும்ப அடுக்கிக்கொள்கின்றன. ஈரம் துளியும் வெளியேறாவிட்டாலும் இது நடக்கும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் இன்னும் வேகமாக நடக்கும். ஆவியில் சூடுபடுத்தினால் மறுபடி குழையும். அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை அதிகமுள்ள அரிசி உதிரி உதிரியாக நிற்பதும் ஆறியதும் சீக்கிரம் விறைப்பதும் இதே காரணத்தால். ஆக முறுக்குக்குத் தண்ணீர் எதிரி. சப்பாத்தி விஷயத்தில் தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மொறுமொறுப்பு வாய்க்கா காதுக்கா?

இரண்டுக்கும், காதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ சம்பீனியும் சார்லஸ் ஸ்பென்ஸும் ஒரு சோதனை செய்து 2004-இல் வெளியிட்டார்கள். ஆட்களை ஹெட்ஃபோன் மாட்டவைத்து பிரிங்கிள்ஸ் சிப்ஸ் கடிக்கச் சொன்னார்கள். கடிக்கும் ஓசையை மைக் பிடித்து உடனே அவர்கள் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள், ஆனால் மாற்றி. மொத்த ஒலியையோ உயர்ந்த அலைவரிசைகளை மட்டுமோ கூட்டியபோது 'புதுசா, மொறுமொறுன்னு இருக்கு' என்றார்கள். குறைத்தபோது 'நமுத்திருக்கு' என்றார்கள். எல்லாமே ஒரே மாதிரி சிப்ஸ். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக்னோபெல் பரிசு 2008-இல் இதற்குக் கிடைத்தது.

அப்பளம் நொறுங்கும் சத்தத்தை அடக்கிக்கொண்டு நாகரிகமாகச் சாப்பிட முயல்பவர்கள் பாதி அப்பளத்தை இழக்கிறார்கள் என்பது என் கட்சி.

துவர்ப்பு அறுசுவையில ஒண்ணு. அதைப் போய் டெக்ஸ்சர்னு எங்கேயோ படிச்சேன், சரியா?

இன்றைய உணர்வியல் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை முக்கியமாகத் தொடுகை உணர்வாகத்தான் கொள்கிறார்கள். வாழைக்காய், நாவற்பழம், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு இவற்றில் உள்ள டானின் போன்ற பொருள்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களோடு சேர்ந்து திரண்டுவிடுகின்றன. எச்சிலின் வழுக்கல் குறைகிறது. நாக்கு அண்ணத்தில் உரசும்போது சொரசொரவென்று இழுக்கிறது. ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும்கூடத் துவர்க்கிறதே, அங்கே சுவை மொட்டு ஏது?

காரமும் கிட்டத்தட்ட இதே கூட்டம். மிளகாயின் கேப்சைசின், உடம்பில் சூட்டையும் வலியையும் சொல்லும் நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கும், அழுத்தத்தை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் சேர்த்துத்தான் 2021 மருத்துவ நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. இதனால் அறுசுவை தப்பு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அது சாப்பிடுகிறவரின் பக்கம் நின்று போட்ட கணக்கு. நரம்பின் பக்கம் நின்றால் கணக்கு வேறாக வருகிறது, அவ்வளவுதான்.

பையன் வெண்டைக்காயைத் தொட மாட்டேங்கிறான், 'கொழகொழ'ங்கிறான். இது பிடிவாதம்தானே சார்?

அவசரப்பட்டுப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள் அம்மா. பெரியவர்களிலேயே சுவையைக் குறை சொல்லாமல் வழவழப்புக்காக மட்டும் ஒரு காயை ஒதுக்குபவர்கள் நிறைய. சில குழந்தைகளுக்குத் தொடுகை உணர்வே கூர்மையாக இருக்கும். சட்டையின் லேபிள் உறுத்துகிறது என்பார்கள், கையில் பசை பட்டால் பதறுவார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டிலும் அது தெரியும். சாப்பிடுவதே மிகவும் குறைந்து எடையும் குறைகிறது என்றால் மருத்துவரிடம் போவதுதான் முறை.

மற்றபடி டெக்ஸ்சரை மாற்றிப் பாருங்கள். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து, ஈரம் இல்லாமல் நறுக்கி, அகலமான வாணலியில் மூடாமல் வதக்கினால் கொழகொழப்பு வெகுவாகக் குறையும். புளியோ தயிரோ சேர்ந்தாலும் குறையும். மோர்க்குழம்பில் சாப்பிடுகிற பிள்ளை பொரியலில் சாப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது.

இதையெல்லாம் அளக்க முடியுமா? ஆளுக்கு ஆள் மாறாதா?

பிடிப்பது மாறும். கெட்டியை அளக்கலாம். ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலினா ஷெஸ்னியாக் 1963-இல் உணவின் டெக்ஸ்சரை வகைப்படுத்திக் கட்டுரை எழுதினார். கடினம், ஒட்டுதல், மீள்தன்மை, மெல்ல வேண்டிய அளவு என்று பிரித்து, கடினத்துக்குக் க்ரீம் சீஸில் தொடங்கிக் கற்கண்டில் முடியும் ஒரு படிவரிசையும் போட்டார். அதற்குச் சற்று முன்பு அமெரிக்காவின் எம்ஐடியில் பல்செட்டையே பொருத்திய கடிக்கும் இயந்திரம் ஒன்று செய்திருந்தார்கள். இன்றைய கருவிகளில் பல் இல்லை, ஆனால் ஒரு துண்டை இரண்டு முறை அழுத்திப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

இது விளையாட்டு ஆராய்ச்சி இல்லை. பக்கவாதத்துக்குப் பின் விழுங்க முடியாதவர்களுக்கு டெக்ஸ்சர் உயிர் சம்பந்தப்பட்டது. தண்ணீராக இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அதற்காக ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோல் 0 முதல் 7 வரை நிலைகள் வைத்திருக்கிறது. சோதனை எளிது: குறிப்பிட்ட 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி 10 வினாடி ஒழுகவிட்டு, மீதி எவ்வளவு என்று பார்ப்பது. 1 மில்லிக்கும் குறைவாக இருந்தால் நிலை 0. 4 முதல் 8 மில்லிக்குள் நின்றால் நிலை 2. 'கஞ்சி பதத்துல குடுங்க' என்று பொதுவாகச் சொன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கஞ்சி வரும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. எந்த நிலை என்பதை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும்தான் சொல்ல வேண்டும்.

சரி, பாட்டை எப்படித் தொடுறது? அதுல என்ன டெக்ஸ்சர்?

பாட்டில் டெக்ஸ்சர் என்றால், ஒரே நேரத்தில் எத்தனை இழைகள் ஓடுகின்றன, அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது. ஒரே மெட்டை ஒருவரோ ஊர்கூடியோ பாடினால் மோனோஃபொனி. பள்ளிக்கூடத்து இறைவணக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெட்டு முன்னால் வர, கிடாரோ கீபோர்டோ பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிக்கிற கார்டு பிடித்துத் தாங்கினால் ஹோமோஃபொனி. இன்றைய திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இப்படித்தான். தனித்தனி மெட்டுகள் சம உரிமையோடு பின்னிக்கொண்டு ஓடினால் பாலிஃபொனி. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் ஃப்யூக் எதையும் கேட்டுப் பாருங்கள்; ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னுகிற வடிவம் அது.

முதல் பதிலில் சொன்னதே இங்கும். ஸ்வரங்கள் அதேதான், சேர்ந்திருக்கும் விதம் வேறு.

கர்நாடக சங்கீதத்துல ஹார்மனி கிடையாது. அப்போ அது வெறும் மோனோஃபொனியா?

புத்தகத்தில் அப்படிப் போட்டிருப்பார்கள். கச்சேரியில் உட்கார்ந்து கேட்டால் ஒத்துக்கொள்ள மனம் வராது. பாடகர் ஒரு சங்கதி, அதாவது ஒரு வரியின் மெட்டை மாற்றிப் பாடும் விதம், போடுகிறார். வயலின் நிழல் மாதிரி கூடவே வருகிறது, ஆனால் ஒரு நூலிழை பிந்தி, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தைத் தன் பாணியில் வளைத்துக்கொண்டு. ஒரே மெட்டு, இரண்டு மேனி. இதை ஹெட்டரோஃபொனி என்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்வது வழக்கம். அந்தக் கருவி இங்கே இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு இந்த நிழல் வேலை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடியில் தம்பூரா. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின் மேல், தந்திக்குக் கீழே ஒரு பருத்தி நூலைச் செருகி, நகர்த்தி நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினால் நாதம் திடீரென்று ஜொலிக்கும். ஜீவா என்று அதற்குப் பெயர். சர் சி.வி. ராமன் 1921-இல் தம்பூராவையும் வீணையையும் பற்றி எழுதிய கட்டுரையில், மீட்டும் புள்ளியின் காரணமாக எழவே கூடாத மேல்நாதங்கள்கூட இவற்றில் எழுவதைக் காட்டினார். அகலமாக வளைந்த குதிரையில் தந்தி உரசி உரசி ஒலிப்பதால் வருவது அது. மைக் பிரச்சினையால் தம்பூரா கேட்காமல் போன கச்சேரியில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். குரல் அந்தரத்தில் நிற்கும்.

டிவி ஷோல ஜட்ஜ் 'உன் வாய்ஸ் டெக்ஸ்சர் சூப்பர்மா'ங்கிறாரே, அவர் தப்பா சொல்றாரா?

பாடப்புத்தகப்படி அது டிம்பர், அதாவது குரலின் நிறம். ஒரே ஸ்வரத்தை ஒரே அளவு சத்தத்தில் இரண்டு பேர் பாடினாலும் யார் என்று தெரிகிறதே, அது. மேலே சொன்ன டெக்ஸ்சர் பல இழைகளின் உறவு. தேர்வில் இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போகும்.

ஆனாலும் நடுவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரகரப்பு உண்மையிலேயே காதின் தொடுகை மாதிரிதான் வேலை செய்கிறது. ஒலி வினாடிக்கு மூன்று, நான்கு முறை கூடிக் குறைந்தால் அலையாகக் கேட்கும். வினாடிக்கு இருபது, முப்பதைத் தாண்டினால் தனி அலைகள் காணாமல் போய், கரகரவென்று ஒரே பரப்பாகிவிடும். எழுபது வாக்கில் அது உச்சம். புள்ளிகள் நெருங்கி டெக்ஸ்சராவது பற்றி மேலே சொன்னேனே, காதிலும் அதே சங்கதி.

நிறைய வாத்தியம் வச்சா டெக்ஸ்சர் ரிச்சா இருக்கும்தானே?

ஐம்பது வயலின் ஒரே மெட்டை வாசித்தால் சத்தம் பெரிது, இழை ஒன்றுதான். மறுபக்கம், பாஹ் ஒற்றை வயலினுக்கே ஃப்யூக் எழுதியிருக்கிறார். 1720 தேதியிட்ட கையெழுத்துப் பிரதியில் உள்ள மூன்று சொனாட்டாக்களிலும் ஒவ்வொன்று உண்டு. ஒரு வில், நான்கு தந்தி, பல குரல். 1980களின் தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பல பாடல்களில் அது தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்காமல் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு இழை போனால் பாட்டே சப்பென்று ஆகிவிடும்.

குறைப்பதும் வித்தைதான். தனி ஆவர்த்தனத்தில் பாட்டும் வயலினும் ஒதுங்கி மிருதங்கம் மட்டும் நிற்கும் இடம் கச்சேரியின் மிகப் பெரிய டெக்ஸ்சர் மாற்றம். அந்த நேரம் பார்த்துத்தான் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்புகிறார்கள்.

மெட்டே இல்லாம டெக்ஸ்சரை மட்டும் வச்சு இசை உண்டா?

உண்டு. இசையமைப்பாளர் லிகெட்டியின் 'அட்மாஸ்ஃபியர்ஸ்' 1961-இல் அரங்கேறியது. முழு ஆர்க்கெஸ்ட்ரா, முணுமுணுக்க ஒரு மெட்டும் இல்லை, தட்ட ஒரு தாளமும் இல்லை. எண்ணற்ற இழைகள் மிக நெருக்கமாகப் பின்னி, மேகம் கலைவது மாதிரி மெல்ல மாறும். முதல் தடவை பலருக்குப் பிடிக்காது. எனக்கும் தலைவலி இல்லாத நாளில்தான் கேட்க முடிகிறது.

3டி பிரிண்டர்ல பிரஷ் தடத்தோட அச்சு எடுத்துட்டா, அது ஒரிஜினல் டெக்ஸ்சர்தானே?

2016-இல் இதைச் செய்தே பார்த்தார்கள். ரெம்பிராண்டின் 346 ஓவியங்களைக் கணினி அலசி, அவர் வரையாத ஒரு புது முகத்தை உருவாக்கியது. தூரிகையின் மேடு பள்ளம் வர 13 அடுக்கு மை அச்சடித்தார்கள். பக்கவாட்டில் ஒளி அடித்தால் அதிலும் நிழல் விழும். மேற்பரப்பு என்ற அளவில் அது டெக்ஸ்சர்தான், மறுக்க முடியாது.

ஆனால் மேலே ரெம்பிராண்ட் வண்ணத்தைக் கெட்டிப்படுத்திய சங்கதி சொன்னேன். அவருடைய மேடு, பிசுபிசுப்பான ஒரு பொருள் தூரிகையை எதிர்த்து நின்றதால் வந்தது. எங்கே வேகமாக இழுத்தார், எங்கே தயங்கினார் என்பது அதில் இருக்கிறது. அச்சில் இருப்பது அந்த மேட்டின் உயரம் மட்டும். வகுப்பில் காட்டவும் பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்கவும் இந்த அச்சுகள் அருமையானவை. எல்லா அருங்காட்சியகங்களும் செய்ய வேண்டும்.

கலை, சாப்பாடு ரெண்டும் சேர்ற மாதிரி ஏதாவது உதாரணம் இருக்கா?

மெரெட் ஒப்பன்ஹைம் என்ற கலைஞர் 1936-இல் ஒரு கோப்பை, சாசர், ஸ்பூன் மூன்றையும் மான்வகை ஒன்றின் ரோமத் தோலால் போர்த்திவிட்டார். நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்ததுமே உதட்டில் ஈர ரோமம் பட்டது மாதிரி கூசும். தொடவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் 'ஐயே' என்று ஒரே குரலில் கத்துவார்கள், அது மோனோஃபொனி.

கடைசிக் கேள்வி சார்: பரீட்சையில 'இந்தப் படத்தில் டெக்ஸ்சர் நன்றாக உள்ளது'ன்னு எழுதினா மார்க் உண்டா?

என்னிடம் கிடையாது. எது சொரசொரப்பு, எது மழமழப்பு, எந்த இடத்தில் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்று எழுது. அது உண்மையான மேடா, கண்ணுக்கு மட்டுமா என்று எழுது. எதை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள். சமையலைப் பற்றியோ கச்சேரியைப் பற்றியோ எழுதச் சொன்னாலும் இதே வழிதான். எழுத்துப் பிழைக்கு மட்டும் அரை மதிப்பெண் குறைப்பேன்.